சபூரும் சிகிச்சையும்

நோயும் சுகமும் அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகின்றன என்பது நம் ஈமானில் உள்ளது. ஆனால் அந்த உண்மையை நாம் எந்த நேரத்தில், யாருக்கு எடுத்துச் சொல்கிறோம் என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பல வீடுகளில் இதைக் காணலாம். வீட்டின் தாயாருக்கு எப்போதோ கால் பிசகி எலும்பு முறிந்தது. முறிவு கூடிவிட்டது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கணுக்கால் மூட்டு தேய்ந்து, வீங்கி, அடுப்படியிலிருந்து வாசல்வரை நடப்பதே வேதனையாகிவிட்டது. ஸுஜூதுக்குச் சென்றால் எழ முடியாமல் நாற்காலியில் தொழுகிறார். மூட்டை மாற்றலாம் என்று டாக்டர் சொன்னதும், "இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு? சபூர் செய்துகொள்ள வேண்டியதுதானே!" என்கிறோம். இதே நாம் நமக்குப் பல்வலி வந்தால் அன்றிரவே மருந்து தேடி அலைகிறோம்.

சபூர் மகத்தான வணக்கம். ஆனால் அது வலியைச் சுமப்பவரின் உள்ளத்தில் ஊற வேண்டியது. வலியில்லாதவர் தம் செலவையும் சிரமத்தையும் தவிர்ப்பதற்காக எடுத்துச் சொல்லும் வார்த்தை சபூர் ஆகாது.

வலிப்பு நோய் கண்ட ஒரு பெண்மணி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யும்படி வேண்டிய நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் சுகத்துக்காக துஆச் செய்கிறேன் என்று நபிகளார் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். அத்துடன், வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறும் கேட்டுக்கொண்டார். முடிவெடுத்தவர் நோயாளியே என்பதை நாம் கவனிக்க வேண்டும். இமாம்களில் பெரும்பாலோர் மருத்துவம் செய்வதைக் கடமையாக்காததால், சிகிச்சை வேண்டாமென்று இருப்பவரை நாம் குறை கூற முடியாது. ஆனால் அவருக்காக நாமே வேண்டாமென்று சொல்லிவிடும் உரிமையும் நமக்கில்லை.

சிகிச்சை தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோரும் உண்டு. மருத்துவம் செய்யலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வந்து கேட்டபோது, செய்யும்படியே நபிகளார் கூறினார்கள். முதுமை தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். உடலுக்குள் உலோகத்தை வைக்கலாமா என்று தயங்குவோருக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் வரலாறு போதும். குலாப் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ள நபிகளார் சொன்னார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே தேவையின் பொருட்டு ஆகுமாக்கப்பட்டது!

கணுக்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை 1970களில் தொடங்கியது. தொடக்க காலத்து மூட்டுகள் பல விரைவில் தளர்ந்தன. இன்றைய மூட்டுகள் அவற்றைவிடத் தேறியவை. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகத் தகடுகள் பொருத்தி, அவற்றின் இடையே உறுதியான பிளாஸ்டிக் வைக்கிறார்கள். மற்றொரு முறை, எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. அதில் வலி தணியும், ஆனால் கணுக்கால் மடங்காது. பிரிட்டனில் 303 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் இரு முறைகளுமே நல்ல பயன் தந்திருந்தன, பெரிய வேற்றுமை தெரியவில்லை. நீரிழிவால் காலில் உணர்வு குன்றியவர்களுக்கும் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் மூட்டு மாற்றுவது பொதுவாக ஏற்றதன்று. எது தகும் என்பதைத் தேர்ந்த டாக்டரே சொல்ல வேண்டும்.

சிகிச்சை செய்தால் சபூருக்கு வேலையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் அந்தக் காலை ஊன்றக் கூடாது. பிறகு ஊன்றுகோலுடன் குழந்தையைப் போல அடியெடுத்து வைத்துப் பழக வேண்டும். வீக்கம் வடியப் பல மாதங்கள் ஆகலாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், ஒளூவுக்கு உதவவும், கைத்தாங்கலாக நடத்தவும் அப்போது ஆள் வேண்டும். சபூரை உபதேசித்தவர்கள் தாமும் சபூர் செய்ய வேண்டிய காலம் அதுதான்.

குணமடைந்தவருக்கும் ஒரு கடமையுண்டு. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகளார் கூறினார்கள். ஸுஜூது செய்ய முடியாதவர் நிற்க முடிந்தால் நிற்கவே வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். அவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம் என்பது ஹனஃபீ மத்ஹப். எப்படியாயினும் இச்சலுகை காரணத்தோடு வந்தது, காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும். நடக்கவும் குனியவும் முடிந்த பின்னரும் நாற்காலியைப் பழக்கத்தால் விடாதிருப்பது சரியன்று. அதே சமயம், மூட்டு மாற்றியும் காலை மடக்க முடியாதவர் தம்மால் இயன்றபடி உட்காரட்டும். அவரைக் குறைவாகப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

ஆகவே சகோதரர்களே! உங்கள் வீட்டில் நொண்டி நடப்பவர் இருந்தால், அவருக்கு உபதேசம் செய்யுமுன், "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள். அவர் சபூரைத் தேர்ந்தால் துணையிருங்கள். சிகிச்சையைத் தேர்ந்தால் இயன்ற பொருளையும் நேரத்தையும் கொடுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நோயுற்றோர் அனைவருக்கும் நற்சுகத்தையும், நமக்கு அவர்களுக்குப் பணிபுரியும் மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.