எந்தக் கிருமி?

அப்பாவை நிமோனியா என்று சேர்த்த இரவு, பணியில் இருந்த இளம் டாக்டரிடம் "எந்தக் கிருமி சார்?" என்று கேட்டேன். "தெரியல. மருந்து ஆரம்பிச்சாச்சு" என்றார். கோபம் வந்தது. என் தொழிலில் சர்வர் படுத்துவிட்டால் மூலகாரணம் எழுதாமல் டிக்கெட்டை மூட முடியாது. (ராத்திரி மூணு மணிக்கு நாங்களும் முதலில் ரீஸ்டார்ட்தான் பண்ணுவோம். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

காலையில் வந்த மூத்த டாக்டர் சளியைப் பார்த்தார். துரு நிறம். "நியூமோகாக்கஸ். கவலப்படாதீங்க." அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது.

இருவரில் யார் நேர்மையாகப் பேசினார் என்பது வீடு திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

துருநிறச் சளிக்கு நியூமோகாக்கஸ், ரத்தம் கலந்த ஜெல்லி போன்ற சளிக்கு கிளெப்சியெல்லா, நடமாடிக்கொண்டே வறட்டு இருமல் இருமும் இளைஞருக்கு மைக்கோபிளாஸ்மா, வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சோடியம் குறைவும் இருந்தால் லெஜியனெல்லா என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காய்ச்சலும் இருமலும் சளியும் பெரும்பாலும் நுரையீரல் காட்டும் எதிர்ப்பு. கிருமியின் கையெழுத்து அல்ல. பத்து வெவ்வேறு பிழைகளுக்கு ஒரே எரர் மெசேஜ் வருவது போல. வயதானவர்களுக்கு எந்த நிமோனியாவிலும் மனம் குழம்பலாம். அப்பா அன்றைக்கு என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதை வைத்து லெஜியனெல்லா என்று சொல்லிவிட முடியுமா? 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 2259 பெரியவர்களைப் பல சோதனைகளுக்கு உட்படுத்தியும் 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி பிடிபட்டது. அதிலும் பாக்டீரியாவைவிட வைரஸே அதிகம்.

மூத்தவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பாக்டீரியா நிமோனியாவில் அடிக்கடி காணப்படுவது நியூமோகாக்கஸ்தான். சளியைப் பார்க்காமலே அவர் அதன்மேல் பந்தயம் கட்டியிருக்கலாம். பந்தயத்தைத் தீர்ப்பின் குரலில் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு வேண்டியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1930களில் நிலைமை வேறு. நியூமோகாக்கஸுக்குக் கொடுத்த சீரம் அதன் வகைக்கு ஏற்ப மாறும். எனவே முதலில் சளியை நுண்ணோக்கியில் வைத்து வகையைக் கண்டுபிடித்தாக வேண்டும். சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்ததும் அந்த வேலை தேவையற்றுப் போனது. மருந்து அகலமாக அகலமாக, தெரிந்துகொள்ளும் கட்டாயம் குறைகிறது. அதற்கான விலையை இந்த நோயாளி தருவதில்லை. மருந்துக்கு அசையாத கிருமியோடு பின்னொரு நாள் வரப்போகிற யாரோ தருகிறார்.

அறிகுறிகளால் பயனில்லையா? உலக சுகாதார நிறுவனம் இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை எண்ணச் சொல்கிறது. 2 முதல் 12 மாதம் வரை நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அதைத் தொட்டால் வேகமான மூச்சு. கிருமியின் பெயரை அது கேட்பதே இல்லை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. அந்த இளம் டாக்டர் கேட்டதும் அதைத்தான். கூடவே இன்னொன்றும் செய்திருந்தார்: முதல் ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு இரண்டு பாட்டிலில் ரத்தம் எடுக்க வைத்திருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கவனிக்கவில்லை.

ரிப்போர்ட்டில் எதுவும் வளரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காரில் அப்பா கேட்டார், "என்ன கிருமியாம்?"

"தெரியலப்பா."

"சரி, மாத்திரைக்கு டைம் ஆச்சான்னு பாரு."