ஜகத் சேட் இல்லத்தில் எழும் வினா

சம்மேதசிகர யாத்திரையை முடித்து வங்காளத்தையும் கண்டுவர விரும்பும் அன்பர்கள், முர்ஷிதாபாத் நகரின் நசிப்பூர்ப் பகுதியிலுள்ள ஜகத் சேட் இல்லத்தைக் காணலாம். இன்று அது அருங்காட்சியகம். பழைய நாணயங்களையும் மஸ்லின் ஆடைகளையும் நிலவறையையும் கண்டு, ‘இவர்கள் சமணர்கள்’ என்று கேட்கும்போது நம் உள்ளம் பூரிக்கும். (அவர்கள் சுவேதாம்பரர், நாம் திகம்பரர் என்னும் வேறுபாடு பெருமை பேசும்போது மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை!)

நாகோரிலிருந்து கிழக்கே வந்த குடும்பம் அது. மாணிக் சந்த், முர்ஷித் குலி கானுடன் டாக்காவிலிருந்து இந்நகரை அடைந்தார். பதே சந்துக்கு முகலாய மன்னர் முகமது ஷா 1723இல் ‘ஜகத் சேட்’ என்னும் பட்டத்தை வழங்கினார். நாணயச் சாலையும் அரசிறைப் பணமும் இக்குடும்பத்தின் கைவழியே இயங்கின.

பின்னர் வந்தது 1757. சிராஜ் உத்தௌலாவை நீக்கி மீர் ஜாபரை அரியணை ஏற்றும் சதியில் மெஹ்தாப் சந்தும் சொரூப் சந்தும் பங்கு கொண்டனர். பிளாசியில் அவர்கள் வாளேந்தவில்லை. எனில், அங்குச் சிந்திய குருதியில் அவர்களுக்குப் பங்கில்லையா?

நம் அறநூல்கள் தீவினையைச் செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூவகையாகப் பகுக்கின்றன. இதன்படி, சதிக்கு இசைந்தவன் கை தூயது என்று சொல்ல இடமில்லை.

தன்னையும் தன் குடியையும் காக்கும்பொருட்டு நேரும் விரோதி இம்சை இல்லறத்தானுக்கு முற்றிலும் விலக்கப்படவில்லையே, நவாப் அவர்களை அவமதித்து அச்சுறுத்தினார் என்கிறார்களே என்று கேட்கலாம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. அரசன் சினந்தால் வணிகனுக்குப் புகலேது? ஆயினும், அவர்கள் காக்க விரும்பியது உயிரை மட்டுமா? உயிருக்கு அஞ்சியவன் ஊரைவிட்டு நீங்கலாம்; நாணயச் சாலையைச் சுமந்துகொண்டு நீங்க முடியாது. மிகுபொருள் விரும்பாமையைக் கொல்லாமையோடு ஒரே வரிசையில் அணுவிரதமாக வைத்த காரணம் இங்கே விளங்குகிறது.

1763இல் மீர் காசிமின் ஆணையால் இருவரும் கொல்லப்பட்டனர். ‘வினைப்பயன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் இசையவில்லை. அச்சொல்லில் சிறிதேனும் மனநிறைவு கலந்திருக்குமாயின், நாமும் அக்கொலைக்கு உடன்பட்டவர்களே ஆவோம். உடன்படுதலும் அம்மூன்றனுள் ஒன்றன்றோ?

அக்குடும்பத்தின் பழைய மாளிகையைப் பாகீரதி ஆறு கொண்டுபோயிற்று. எஞ்சியதைக் காணச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளுக்கு நிலவறையைக் காட்டுவதோடு பிளாசியின் கதையையும் மறைக்காமல் சொல்லலாம். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை தேட, ஊர் திரும்பும் இரயில் பயணம் போதிய அளவு நீண்டது.