புகை கண்டவரும் புண் கண்டவரும்

வாள் பிடித்தவன் போரை முடித்துவிட்டுப் போய்விடுகிறான். எழுதுகோல் பிடித்தவனோ அதை முடிய விடுவதில்லை! களத்தில் சிந்திய குருதி காய்ந்த பின்னும், காய்ந்த குருதியை மழை கழுவிய பின்னும், ஏட்டிலே அந்தப் போர் நடந்துகொண்டே இருக்கிறது. எந்த உருவத்தில் நடக்கிறது? வீர விளையாட்டாகவா? மாந்தர்க்கு விளைந்த கேடாகவா? எழுதியவன் எங்கே நின்று கண்டான் என்று கேளாமல் எந்தப் போர்ச் செய்தியையும் படித்தல் ஆகாது என்பது நம் எண்ணம்.

போர்முனைக்கென்றே செய்தியாளரை அனுப்பும் வழக்கம் மிகப் பழையதன்று. 1854-ல் கிரிமியாவிலே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரோடு பொருதியபோது, இலண்டன் ‘டைம்ஸ்’ ஏட்டுக்காகச் சென்றார் வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல். போதிய மருந்தின்றி, மருத்துவரின்றி, கொள்ளைநோயில் மாண்ட தம் நாட்டுச் சிப்பாய்களைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே அமைச்சரவை கவிழ்ந்தது. அவருடைய எழுத்தும் அதற்கொரு காரணம். ஆட்சியாளர் பாடம் கற்றனர். செய்தியாளனைத் துரத்துவதினும் துணைக்கு வைத்துக்கொள்வதே மேல் என்ற பாடம்! முதல் உலகப் போரில் ஆங்கிலச் செய்தியாளர்க்குப் படை அதிகாரியின் உடையே அணிவிக்கப்பட்டது. 1916 சூலை 1-ஆம் நாள், சோம் ஆற்றங்கரைப் போரின் முதல் நாளிலே, ஆங்கிலப் படையில் மட்டும் 19,240 பேர் மடிந்தனர். அடுத்த நாட்களில் இலண்டன் ஏடுகள் அதனை நல்ல தொடக்கம் என்று எழுதின!

கூலிக்கு எழுதுவோர் அப்படித்தான், கவிஞன் எழுதியிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று சொல்லிவிட முடியுமா? நம் செயங்கொண்டாரையே பாருங்கள். கலிங்கத்துப்பரணியின் சொல்லழகில் மயங்காத தமிழர் யார்? களத்திலே பேய்கள் கூழ் சமைக்கின்றன. நாமும் சுவைத்துப் படிக்கிறோம். கூழுக்குப் பிணமாகிப் போன கலிங்கத்து உழவனுக்கு அங்கே ஒரு பெயரும் இல்லை. பரணி பாடியவரைக் குறை கூறுவதற்கன்று இது. அரசவையின் உயரத்திலிருந்து பார்த்தால் களம் அப்படித்தான் தெரியும் என்பதற்கே சொன்னோம்.

உயரம் என்றோம். அச்சொல்லை உவமையாக அன்றி, உள்ளபடியே கொள்ளத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு.

1945 ஆகஸ்டு 9. நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வீச்சு நடந்தபோது, உடன் சென்ற வானூர்தி ஒன்றில் அமர்ந்திருந்தார் வில்லியம் லாரன்ஸ். ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டின் அறிவியல் செய்தியாளர். அவ்வாண்டின் இளவேனில் தொட்டே அணுகுண்டு ஆக்கும் திட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளப்பட்டு, அரசின் அறிக்கைகளையும் எழுதித் தந்தவர். மேலெழுந்த தீப்பிழம்பையும் புகைத்தூணையும் அவர் வியந்து வியந்து வருணித்தார். உயிருள்ள ஒரு புதுமைபோல் அது அவர் கண்ணுக்குத் தோன்றியது. அவர் எழுதியதில் பொய் எது? ஒன்றுமில்லை! அத்தனை உயரத்திலிருந்து தெரிந்தது அதுதான். புகைக்குக் கீழே கருகியது தெரியவில்லை. தெரியாததை எழுதவில்லை. 1946-ல் அவருக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

கீழே நடந்தவர் வேறொருவர். ஜப்பான் பணிந்து கையெழுத்திடும் காட்சியைக் காண, 1945 செப்டம்பர் 2-ல் டோக்கியோ விரிகுடாவில் நின்ற போர்க்கப்பலுக்குச் செய்தியாளர் திரண்டு சென்றிருந்த வேளையில், வில்ஃபிரட் பர்ச்செட் என்ற ஆஸ்திரேலியர் தன்னந்தனியே ரயிலேறி இரோசிமா சென்றார். இடிபாட்டுக் கல்லின்மேல் அமர்ந்து தட்டச்சுப் பொறியைத் தட்டினார். குண்டு வெடித்தபோது காயமே படாதவர்கள், நாட்கள் கழிந்தபின் மயிர் உதிர்ந்து, குருதி கசிந்து சாகிறார்கள் என்ற செய்தி, செப்டம்பர் 5-ல் இலண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ ஏட்டில் வெளிவந்தது. அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். ஜப்பானியர் புளுகை நம்பிவிட்டார் என்றனர். வாரம் ஒன்று கழிந்தது. கதிர்வீச்சால் சாகிறார்கள் என்பது ஜப்பானியரின் பிரசாரமே என்ற கருத்துக்கு வலுவூட்டி எழுதினார் ஒருவர். யார் தெரியுமா? புகையை வியந்த அதே லாரன்ஸ்! கண்டதை எழுதியவர், காணாததை மறுக்கவும் துணிந்தார். உயரத்திலிருந்து காண்பது குற்றமன்று. அங்கிருந்து தெரியாததெல்லாம் இல்லை என்று சாதிப்பது குற்றம்.

‘சிகாகோ டெய்லி நியூஸ்’ ஏட்டின் ஜார்ஜ் வெல்லர் என்பவரும் அதே செப்டம்பரில் நாகசாகி சென்று, மருத்துவமனைப் படுக்கைகளைக் கண்டு எழுதினார். முறைப்படி தணிக்கைக்கு அனுப்பினார். ஒரு வரியும் வெளிவரவில்லை. 2002-ல் அவர் மறைந்தபின், எழுத்துப்படிகளை அவர் மகன் கண்டெடுத்தார். அறுபது ஆண்டு கழித்து அவை அச்சேறின. விதியை மதித்தவரின் எழுத்து பெட்டியிலே உறங்கிற்று. மீறியவரின் எழுத்து உலகை எட்டிற்று. ஒழுக்கம் பேசுவோர் இதற்கு என்ன விடை தருவர்?

1946 ஆகஸ்டு 31-ல் ‘நியூயார்க்கர்’ இதழ் வேறெந்தக் கட்டுரையும் இல்லாமல் ஜான் ஹெர்சியின் ‘இரோசிமா’ ஒன்றை மட்டுமே தாங்கி வந்தது. எண்ணிக்கையை முன்னிறுத்தி அவர் எழுதவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படும் நகரில், பிழைத்த அறுவரைத் தேர்ந்தார். தையற்காரரின் கைம்பெண் ஒருத்தி, எழுத்தர் வேலை பார்த்த இளம்பெண், மருத்துவர் இருவர், கிறித்தவத் தொண்டர் இருவர். காயம்பட்ட செவிலி ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வந்து குவிந்த ஆயிரக்கணக்கானவர்க்குக் கட்டுப்போடுகிறார் ஒரு மருத்துவர். தையற்பொறியே பிழைப்பு என்பதால், தீ நெருங்குமுன் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு ஓடுகிறாள் அந்தக் கைம்பெண். ஆசிரியரின் ஓலம் ஓரிடத்திலும் இல்லை. ‘ஐயகோ’ என்று ஒரு சொல் இல்லை. அடுக்குமொழியில் ஆசை கொண்ட நம்மைப் போன்றோர் நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய நடை அது.

வகுப்பில் நாம் கையாளும் வரலாற்று நூல்களில் ஒவ்வொரு போருக்கும் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. நூலை மூடி வைத்துவிட்டு, அந்தத் தையற்பொறியின் கதையை ஒருநாள் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: “அப்புறம் அந்த மிசின் ஓடிச்சா, சார்?” காரணங்கள் ஐந்தையும் பற்றி எவரும் என்றும் கேள்வி கேட்டதில்லை.

ஆயினும் ஹெர்சியையும் நாம் கேள்வியின்றி ஏற்பதற்கில்லை. நிலநடுக்கத்தை எழுதுவதுபோல் குண்டை எழுதிவிட்டார். போட்டவன் யார், ஏன் போட்டான் என்ற வினா எழாமல் வாசகர் அழுதுவிட்டு அமைதி பெறுகிறார் என்று அப்போதே கண்டித்தார் மேரி மெக்கார்த்தி என்ற எழுத்தாளர். பாதி உண்மை. குற்றவாளியின் பெயர் கூறாத இரக்கம் குற்றவாளிக்கும் வசதியானதே. மறுபாதியையும் சொல்லவேண்டும்: பகைவன் என்று மட்டுமே கற்பிக்கப்பட்டவன் வீட்டில் தையற்பொறியும் பிள்ளைகளும் உண்டு என அறிந்த பின்னரே, போட்டது முறையா என்ற வினா அமெரிக்கர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. 1947 பிப்ரவரியில், போர் நடந்தபோது படைத்துறை அமைச்சராக இருந்த ஸ்டிம்சனே ஓர் இதழில் நீண்ட விளக்கம் எழுத நேர்ந்தது.

நம்மை உறுத்துவது இன்னொன்று. அறுவருள் இருவர் கிறித்தவத் தொண்டர். அந்நகரில் ஆயிரக்கணக்கில் இருந்த கொரிய உழைப்பாளிகளுள் ஒருவரும் இல்லை. வாசகன் எளிதில் நெருங்கக்கூடியவரே அழப்படுவதற்கும் தேர்வாகிறார்! சயாம்–பர்மா ரயில் பாதையை எண்ணுங்கள். 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைக் கொண்டுபோய் அந்தக் காட்டிலே மாளவிட்டது. அங்கே இறந்த வெள்ளைக் கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கு. கைதிகளுக்கு நினைவுக் குறிப்புகள் உண்டு, கல்லறைகள் உண்டு, 1957-ல் உலகெங்கும் ஓடிய திரைப்படமும் உண்டு. பால்மரம் வெட்டிய நம்மவனுக்காக அன்று எந்த ஏடு எவரை அனுப்பியது?

அந்தக் கைம்பெண்ணின் கணவர் படைக்கு அழைக்கப்பட்ட தையற்காரர். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ந்த அன்று, அந்நகரைக் கைப்பற்றிய படையிலே நின்று மாண்டவர். தமிழரைக் காட்டுக்கு ஓட்டிச் சென்ற படை அதுவே. அவர் மனைவிக்காக நம் நெஞ்சு இளகுமா? இளகியது, மறைப்பானேன்! இளகியதால் காட்டிலே மாண்டவர் கணக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை.

நாற்பது ஆண்டு கழித்து ஹெர்சி மீண்டும் இரோசிமா சென்று, 1985-ல் அறுவரின் பின்னாளைய வாழ்வையும் எழுதினார். சிறுமியின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. துருவேறிய பொறியைப் பழுதுபார்த்துச் சிலகாலம் தைத்தாள் அவள். பிறகு நோயுற்றாள். மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லை. பொறியை விற்றுவிட்டாள்.