அச்சத்தைத் தணிப்பது அறமாகுமா?

மருத்துவர் நோயாளியின் அச்சத்தைத் தணிக்கிறார். ஆசிரியர் தேர்வுக்குச் செல்லும் மாணவனின் நடுக்கத்தைத் தணிக்கிறார். இவற்றை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் ஒருவருடைய சேமிப்பு கண்ணெதிரே கரையும் வேளையில், நிதி ஆலோசகர் "அஞ்சாதீர்கள், பொறுத்திருங்கள்" என்று கூறுவது அறமாகுமா? பணம் வெளியேறினால் அவருடைய வருவாயும் குறையும். தரகு பெறுபவராயினும், சொத்தின் மதிப்பில் நூற்றுவீதம் கட்டணம் பெறுபவராயினும் நிலை இதுவே. ஆகவே இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 26,000க்குக் கீழே இறங்கியது. என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தம் பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பரஸ்பர நிதியில் இட்டிருந்தார். அன்று மாலை ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், இரவில் உறக்கமே இல்லை" என்றாராம்.

அவர் ஆறுதல் ஏதும் கூறவில்லை. "இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை, அம்மா?" என்று மட்டும் கேட்டார். பின்னர், பணம் இட்ட நாளில் அம்மையார் தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்துப் படித்தார். பேத்தியின் மேற்படிப்புக்கான பணம். எட்டு ஆண்டுகளுக்குத் தேவையில்லை. இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஓய்வூதியம் இருப்பதால் குடும்பச் செலவுக்கு இடரில்லை. தம் சொற்களையே கேட்ட அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. முடிவில், உறக்கம் வருவதற்கு வேண்டிய அளவு சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் குறியீடு 47,700ஐக் கடந்தது. அதனால்தான் ஆலோசகர் செய்தது சரி என்று நான் கூறவில்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். இடையில் 34 ஆண்டுகள் சென்றன. ஐம்பது வயதில் "பொறுத்திருங்கள்" என்ற சொல்லை நம்பியவர் எண்பத்து நான்கு வயது வரை காத்திருந்திருப்பார். சந்தை திரும்பும் என்ற வாக்குறுதியை ஆலோசகர் தரவில்லை. அவருடைய நேர்மை அதில்தான் இருந்தது.

பெற்றதன் மகிழ்ச்சியைவிட இழந்ததன் வலி ஏறத்தாழ இருமடங்கு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்து கூறினர். வகுப்பறையில் பென்சிலைத் தொலைத்த குழந்தையைப் பார்த்த எவருக்கும் இது புதிதன்று. ஆயினும் வலி வேறு, கேடு வேறு. ஆலோசகர்களுக்குச் செபி வாரியம் 2013இல் வகுத்த விதிகளும், ஒருவர் இழப்பைத் தாங்க விரும்புகிறாரா என்பதோடு, தாங்க இயலுமா என்பதையும் அறியச் சொல்கின்றன. ஆறு திங்களில் அறுவை மருத்துவத்துக்கு வேண்டிய பணம் சந்தையில் இருந்தால், அவ்வச்சம் மெய்யச்சம். அதைத் தணிப்பவர் தீங்கு செய்கிறார்.

வீழ்ச்சியின்போது அச்சத்தைத் தணிப்பவர், ஏற்றத்தின்போது ஆசையையும் தணித்தாரா என்பதையே நான் முதலில் கேட்பேன். 2021 செப்டம்பரில் குறியீடு 60,000ஐத் தாண்டியபோது, அதே அம்மையார் வங்கியில் இருந்த வைப்புத் தொகை முழுவதையும் பரஸ்பர நிதிக்கு மாற்ற விரும்பினார். அக்கம்பக்கத்தார் பேச்சு அப்படி. மாற்றினால் ஆலோசகருக்கு ஊதியம் கூடியிருக்கும்.

"அதற்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள், அம்மா" என்றார் அவர். அம்மையார் எழுத உட்கார்ந்தார். எப்போது தேவை என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அது கணவரின் மருத்துவத்துக்கென ஒதுக்கியிருந்த பணம். வைப்புத் தொகை வங்கியிலேயே இருந்துவிட்டது.