கொடையா, விலையா?

கொடுப்பவன் கைம்மாறு கேட்டால் அது கொடையாகுமா, வாணிபமாகுமா? தனி மனிதருக்குரிய இக்கேள்வி நாடுகளுக்கும் உரியதே.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. அது அநீதி என்பதில் ஐயமில்லை. ஈராக் வெளியேற மறுத்தால் படைபலம் பயன்படுத்தலாம் என்னும் பிரேரணை, நவம்பர் 29ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 12 நாடுகள் ஆதரித்தன. சீனா வாக்களிக்காது ஒதுங்கியது. கியூபாவும் வறிய அரபு நாடான யேமனும் எதிர்த்தன. அரபு நாடுகளின் பிணக்கை அரபு நாடுகளே தீர்க்கவேண்டும் என்பது யேமனின் நிலைப்பாடு. விளைவு? அமெரிக்கா அந்நாட்டுக்கு அளித்துவந்த உதவியை வெட்டியது. தன்னோடு அணிசேர்ந்த எகிப்துக்கோ ஏறத்தாழ 700 கோடி டொலர் இராணுவக் கடனைத் தள்ளுபடி செய்தது.

யேமனின் வாக்கு சரியா, பிழையா என்று வாதிடலாம். ஆனால் கையுயர்த்தியவர் ஒரு தூதுவர். தண்டம் செலுத்தியவரோ அந்த உதவியை நம்பியிருந்த ஏழைகள். அவர்களிடம் எவர் கருத்துக் கேட்டார்?

தன் பணத்தை யாருக்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கக் கொடுப்பவனுக்கு உரிமையில்லையா எனச் சிலர் வினவுவர். உண்டு. அப்பணம் உரியவரைச் சேர்ந்ததா என்று கணக்குக் கேட்கவும் உரிமையுண்டு. வாங்குபவரின் மனச்சாட்சியை விலைபேச மட்டும் உரிமையில்லை.

இட்ட சோற்றைச் சொல்லிக்காட்டி வாயடைப்பவரை நாம் எவரும் மதிப்பதில்லை. வல்லரசு அதையே செய்தால் இராஜதந்திரம் என்று பெயரிடுவது ஏன்? சிந்தித்துப் பாருங்கள்.