பெயர் தெரியாதவர்க்கு நீர்க்கடன்

ஆடி அமாவாசையன்று கேரளத்துப் பொன்முடி மலையடிவாரத்து ஊர்களிலிருந்து மக்கள் திருவல்லத்துக்கும் சங்குமுகத்துக்கும் சென்று பிதுர்பலி இடுவதும், மலையாளிகள் கர்க்கடக வாவு என்று வழங்கும் அதே நாளில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கீரிமலைக் கேணியில் மூழ்கித் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைப்பதும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகள். இறந்தவருக்குரியதை அவர் பெயர் சொல்லி இருப்பவர் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. இல்வாழ்வான் பேண வேண்டியோரை எண்ணும் வள்ளுவரும் தென்புலத்தார் எனப்படும் முன்னோரைத் தெய்வத்துக்கும் முன்னே வைக்கிறார். அவ்வாறாயின், பெயரும் குலமும் இறந்த திதியும் அறியப்படாமல், கொன்றவர் யார் என்பதும் தீர்க்கப்படாமல் ஒரே குழியில் கிடப்பவர்களுக்கு இக்கடன் எவ்வாறு கழியும் என்பது, இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன், யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 300 முதல் 400 பேர்வரை புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்தில் கூறினான். மறு ஆண்டு நடந்த அகழ்வில் 15 உடல்களே எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் அதே வட்டாரத்துச் சிந்துபாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது எலும்புகள் வெளிப்பட்டதையடுத்து நீதிமன்ற மேற்பார்வையில் தொடங்கிய அகழ்வு, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகளை வெளிக்கொணர்ந்தது. சைவர் உடலைத் தீயிடும் இடமான மயானத்திலேயே, தீயும் மந்திரமுமின்றி ஆழமில்லாக் குழிகளில் அவர்கள் இடப்பட்டிருந்தனர். ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப்பையும் பொம்மையும் கிடைத்தன.

உறவற்ற இறந்தோரைச் சடங்கு மறந்துவிடவில்லை. தர்ப்பணத்தின் முடிவில், முன்னோரை எழுந்தருளச் செய்வதற்காகத் தருப்பையில் முடிந்த கூர்ச்சத்தை அவிழ்த்து, தாயும் தந்தையும் சுற்றமும் நட்பும் இல்லாத அனைவரும் நிறைவடைக என்ற கருத்துடன் எள்ளும் நீரும் விடுவது வழக்கம். குருதி உறவைக் கடந்து கடன் நீளும் என்பதை ஒப்புக்கொள்ளும் இப்பகுதி, அச்சடங்கின் மிக உயர்ந்த இடம் என்றே கொள்ளத்தகும். ஆயினும் செம்மணிப் பிள்ளைக்கு அதனோடு அமைய முடியாது. அப்பிள்ளை உறவற்றதன்று, அதைப் பெற்றவளும் வளர்த்தவர்களும் இருந்தார்கள், அவர்களில் எவரேனும் இன்றும் தேடிக்கொண்டிருக்கக்கூடும். இருக்கும் உறவை இல்லையென்று கொண்டு விடப்படும் நீர் பொய்ச்சாட்சியாகிவிடும். ஆதலால் மரபணுச் சோதனையும், எடுத்த பொருள்களை மக்கள் அடையாளம் காணக் காட்சிக்கு வைத்தலும் சட்ட நடைமுறைகள் மட்டுமல்ல. அவை நீர்க்கடனின் முற்பகுதியே. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தொடர்ந்து போராடிவரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரில் பலர், உண்மை தெரியாமல் பிள்ளையை இறந்தவராக ஏற்க மறுப்பதை, துயரத்தின் பிடிவாதம் என்று ஒதுக்காமல், சடங்கின் நேர்மையைக் காக்கும் நிலைப்பாடாகவே காண வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி, தம்மவர் கொன்ற பிறரைப் பற்றியது. அதை எதிர்கொண்டோர் ஐரோப்பாவிலும் உண்டு. 1943இல், இன்று மேற்கு உக்ரைனிலுள்ள வொலின் நிலப்பகுதியில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையினர் போலந்துக் குடியானவர்களைப் பெருந்தொகையாகக் கொன்றனர். அவ்வாண்டு ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயங்களில் வழிபாட்டிலிருந்தோரும் தாக்கப்பட்டனர். அக்குழிகளைத் தோண்டும் அனுமதி குறித்துப் போலந்தும் உக்ரைனும் பல ஆண்டுகள் பிணங்கின. எனினும், 1945இல் போலந்து ஆயுதக்குழுவினர் உக்ரைனியரைக் கொன்ற பாவ்வொகோமா ஊரில், 2006இல் இரு நாட்டு அதிபர்களும் சேர்ந்தே நினைவிடத்தைத் திறந்தனர்.

ஈழத் தமிழரின் நினைவுகூரலுக்கு இத்தகைய சோதனை மட்டக்களப்பில் காத்திருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுவரிலுள்ள குண்டுத் துளைகளை அவ்வூரார் மூடாமல் வைத்திருக்கின்றனர். அதே ஆண்டு விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டுக் குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம்களுக்காக, அங்கு அகழ்வு வேண்டும் என்று உறவினர் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, ஜனாஸா தொழுது அடக்குவதை இஸ்லாம் ஃபர்ளு கிஃபாயா என்கிறது. சிலர் செய்தால் அனைவர் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் குற்றம் சமூகம் முழுவதன்மேலும் நிற்கும் என்பது அதன் பொருள். தொழுகை முஸ்லிம்களுடையது; அதற்குரிய உடல்களைத் தேடித் தரும் பொறுப்போ, அம்மண்ணைச் சூழ்ந்து வாழும் தமிழரையும் சேர்ந்தது. செம்மணிக்காக நீதிமன்றத்தில் எழுப்பப்படும் அதே கோரிக்கையை, குருக்கள்மடத்துக்காகவும் அவர்களே முன்னின்று எழுப்ப வேண்டும்.