வைரமும் வாங்குவோர் அறமும்

உரிய விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவனுக்கு, அப்பொருள் தோன்றிய இடத்தில் நிகழ்ந்த தீமையிலே பங்குண்டா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். புலால் மறுத்தலைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டார். உண்ணும்பொருட்டுக் கொள்வார் உலகில் இல்லையெனின், விலையின்பொருட்டு ஊன் தருவாரும் இல்லையாவர் என்பது அவர் காட்டும் நியாயம். கொன்றவன் ஒருவன், வாங்கியவன் வேறொருவன் என்னும் சமாதானம் இதன்முன் நிலைக்கமாட்டாது. இந்நியாயத்தை வைர அணிகளுக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து வினா மேலும் சிக்கலடைகின்றது.

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரில், புரட்சிகர ஐக்கிய முன்னணி என்னும் கிளர்ச்சி அமைப்பு வைர வயல்களைக் கைப்பற்றி, ஆங்கு கட்டாய உழைப்பால் அகழ்ந்த கற்களைக்கொண்டு ஆயுதம் பெற்றது. குடிமக்கள் பலரின் கைகள் வெட்டப்பட்டன. இவ்வமைப்பின் குற்றங்களுக்குத் துணைபோனமைக்காக லைபீரியாவின் முன்னாள் சனாதிபதி சார்ள்ஸ் டெய்லருக்கு 2012 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கற்களோ உலகச் சந்தையிற் கலந்தன. பட்டை தீட்டப்பட்ட வைரத்தைக் கண்ணாற் கண்டு அதன் பிறப்பிடத்தை அறிதல் அரிது. ஊன் வாங்குவோன் ஓர் உயிர் கொல்லப்பட்டதை அறிவான். வைரம் வாங்குவோன் அத்தகையதொன்றை அறியான். இரண்டிற்குமுள்ள முதல் வேறுபாடு இதுவே.

இவ்வறியாமையை நீக்கும் முயற்சி 2000 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் கிம்பர்ளி நகரிலே தொடங்கிற்று. அதன் பயனாகத் தோன்றிய கிம்பர்ளி சான்றளிப்புத் திட்டம் 2003 இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளுக்கிடையே செல்லும் பட்டை தீட்டாத வைரம் முத்திரையிடப்பட்ட பேழையில், அரசு வழங்கிய சான்றிதழோடு செல்லுதல் வேண்டும். இத்திட்டம் நன்மை பயந்தது என்பதை மறுத்தல் தகாது. ஆயினும், சட்டபூர்வமான அரசாங்கங்களைக் கவிழ்க்க முனையும் கிளர்ச்சி இயக்கங்களுக்கு நிதியளிக்கும் பட்டை தீட்டாத வைரத்தையே இது ‘மோதல் வைரம்’ என வரையறுத்தது. அரசே தீங்கிழைப்பின் யாது செய்வது? சிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் 2008 இல் அரச படையினரால் அகழ்வோர் பலர் கொல்லப்பட்டனர். 2011 இல் அவ்வயல்களின் கற்கள் ஏற்றுமதியாவதற்குத் திட்டம் இசைவளித்தது. அத்திட்டம் உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பு அவ்வாண்டின் இறுதியில் அதிலிருந்து விலகிற்று. மேலும், உலக வைரங்களின் பெரும்பகுதி பட்டை தீட்டப்படும் சூரத் நகரத் தொழிலாளரின் கூலியும் நலமும் இச்சான்றிதழின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சிறியதொரு வினாவுக்கு அது தரும் விடையைப் பெரியதொரு வினாவுக்கு விடையாக ஏற்றுக்கொள்வது வாங்குவோனின் வசதி கருதியதேயாகும்.

அங்ஙனமாயின் வைரத்தை முற்றாக விலக்கிவிடலாமே எனச் சிலர் கூறுவர். கொலையின்றி ஊன் இல்லை. ஆனால் குருதி படியாத வைரம் உண்டு. 1966 இல் வறிய நாடாகச் சுதந்திரமடைந்த பொட்ஸ்வானா, மறு ஆண்டிற் கண்டறியப்பட்ட வைரத்தின் வருவாயைக்கொண்டு பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் வீதிகளையும் அமைத்தது. முற்றான விலக்கு குற்றமற்றோரையும் தண்டிக்கும். 1954 இல் அமெரிக்காவில் வெற்றிகண்ட செயற்கை வைர ஆக்கம் மற்றொரு வழியாகக் காட்டப்படுகின்றது. அதுவும் அதே காபனே. அதற்குச் சுரங்கமும் வேண்டியதில்லை. ஆயின் அதனை ஆக்கப் பெருமளவு மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து பெறப்படின் தீங்கு இடம்மாறுகின்றதேயன்றி ஒழிவதில்லை. ஆற்று மணலை அரித்துப் பிழைக்கும் ஆபிரிக்க ஏழைக்கு அது மாற்றுத்தொழில் எதனையும் தருவதுமில்லை.

ஆகவே, தூய்மை என்பது கல்லின் இயல்பிலே தேடத்தக்கதன்று. வாங்குவோன், விற்போன், அகழ்வோன் ஆகியோரிடையேயுள்ள உறவிலே தேடத்தக்கது. அறியாமையும் இருவகைப்படும். முயன்றும் அறியவொண்ணாதது ஒன்று. கேட்டால் விடை கிடைத்துவிடுமோ என்றஞ்சிக் கேளாதிருப்பது மற்றொன்று. முன்னையது மன்னிக்கத்தக்கது. பின்னையது தானே ஒரு செயல். அதற்குரிய பொறுப்பும் உண்டு. பசித்தவன் அரிசி வாங்கும்போது அதன் வரலாற்றை ஆராயவேண்டுமென எவரும் வற்புறுத்தார். அணிகலனோ இன்றியமையாததன்று. ஒரு பொருளின் தேவை குறையக் குறைய, அதனைப்பற்றி வினவும் கடமை கூடுகின்றது. அன்றியும், அன்பின் அடையாளமாக அளிக்கப்படும் வைரத்தின் மதிப்பு பெரிதும் அது சுட்டும் பொருளிலேயே தங்கியுள்ளது. அன்பைச் சுட்ட விரும்புவோன், அக்கல்லை அகழ்ந்தவனின் துன்பத்தை மட்டும் அதன் பொருளிலிருந்து நீக்கிவிடுதல் இயலாது.

எந்தச் சுரங்கத்தது, எவர் கையாற் பட்டை தீட்டப்பட்டது, அவர் பெற்ற கூலி யாது என வணிகனை வினவுவதும், விடை கிடையாவிடத்து வாங்காது திரும்புவதும் எளியோர்க்கும் இயலும் அறங்கள். நூறு பேரிடம் இவ்வினாவைக் கேட்ட வணிகன், தனக்கு விற்றவனிடமும் அதனைக் கேட்கத் தலைப்படுவான். கொள்வோரின் விருப்பம் தீமையைத் தோற்றுவிக்க வல்லதாயின், அவர்தம் வினா அதனைக் குறைக்கவும் வல்லதாகும். வள்ளுவர் காட்டிய நியாயத்தின் மறுபக்கம் இதுவேயாம்.